வலைப்பதிவு கற்பிக்கும் வலைப்பதிவுகள்: பரிந்துரையும் வருமானமும்

வலைப்பதிவு எழுதுவது எப்படி, அதற்கு வாசகரைச் சேர்ப்பது எப்படி, அதிலிருந்து வருமானம் ஈட்டுவது எப்படி என்று கற்றுத்தரும் வலைப்பதிவுகள் இணையத்தில் ஒரு தனி வகையாகும். ஆங்கிலத்தில் 2004 ஆம் ஆண்டு முதல் இவை வேகமாகப் பெருகின. தமிழில் சில ஆண்டுகள் கழித்து, வேறொரு சூழ்நிலையில் இவை தோன்றின. இத்தகைய பதிவுகளில் பயனுள்ளவற்றை வாசகர்கள் எப்படிக் கண்டறிந்தனர், எப்படிப் பிறருக்குச் சொன்னார்கள், அப்படிச் சொல்வதற்கே ஒரு விலை ஏற்பட்டபோது என்ன நேர்ந்தது ஆகியவை இக்கட்டுரையின் பொருள்.

பட்டியலே பதிவாக இருந்த காலம்

இன்று வலைப்பதிவு என்றால் ஒருவர் தம் எண்ணங்களை எழுதும் இடம் என்றே பலரும் கருதுகின்றனர். தொடக்கத்தில் அது அப்படி இல்லை. பிற நல்ல பக்கங்களைக் காட்டிக்கொடுக்கும் பட்டியலாகவே அது பிறந்தது. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் 1994 சனவரியில் தொடங்கிய பக்கத்தில், அவர் இணையத்தில் கண்ட விந்தையான பக்கங்களுக்கான இணைப்புகளே பெரும்பகுதி. இத்தகைய இணைப்பைத் தமிழ்ப் பதிவர்கள் பிற்காலத்தில் சுட்டி என்று அழைத்தனர். பொருத்தமான சொல், விரல் நீட்டி ஒன்றைக் காட்டுவதுதான் அதன் வேலை.

1997 திசம்பரில் ஜோர்ன் பார்கர் என்பவர் தம் பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயரிட்டார். கப்பல் தலைவர் தம் பயணத்தை நாள்தோறும் குறித்துவைக்கும் ஏட்டுக்கு ஆங்கிலத்தில் லாக் என்று பெயர். இணையத்தில் உலவியபோது கண்டவற்றைக் குறித்துவைக்கும் ஏடு என்பது அப்பெயரின் கருத்து. 1999 இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அச்சொல்லை வேடிக்கையாக 'வீ பிளாக்' என்று உடைத்துக்காட்ட, 'பிளாக்' என்ற பின்பாதி மட்டும் நிலைத்தது.

1998 இன் இறுதியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் தம் பக்கத்தைப் போன்ற பிற பக்கங்களின் பட்டியலைத் தொகுத்து, காமரான் பாரெட் என்பவருக்கு அனுப்பினார். பாரெட் அதைத் தம் தளத்தில் வெளியிட்டார். அதைக் கண்ட பிறர் தத்தம் முகவரிகளை அனுப்பத் தொடங்கினர். 1999 தொடக்கத்தில் அப்பட்டியலில் இருந்தவை 23 மட்டுமே. ஒருவர் காலை உணவுக்கு முன் அத்தனையையும் படித்து முடித்துவிடலாம்! அதே ஆண்டில் பிரிஜிட் ஈட்டன் தாம் அறிந்த எல்லா வலைப்பதிவுகளையும் ஒரே இடத்தில் தொகுத்தார். எது வலைப்பதிவு, எது இல்லை என்ற சர்ச்சை எழுந்தபோது அவர் வைத்த அளவுகோல் எளியது: தேதியிட்ட பதிவுகள் இருந்தால் போதும்.

1999 ஆகத்து மாதம் பைரா லேப்ஸ் நிறுவனம் பிளாகர் சேவையைத் தொடங்கியது. அதுவரை பக்கக் குறிமுறை அறிந்தவர்களே எழுத முடிந்தது. இனி யாரும் எழுதலாம் என்றாயிற்று. ஒரே பட்டியலில் அனைவரையும் அடக்குவது இயலாது போயிற்று. எனவே ஒவ்வொருவரும் தம் பக்கத்தின் ஓரத்தில், தாம் விரும்பிப் படிக்கும் பதிவுகளின் சிறு பட்டியலை வைத்தனர். ஊரில் நல்ல வைத்தியர் யார் என்று அறியப் பலகைகளைப் படிப்பதைவிட, போய்க் குணமடைந்து வந்தவரைக் கேட்பதே வழக்கம். இந்த ஓரப்பட்டியல் அப்படிப்பட்ட வாய்மொழிதான். அதில் இடம்பெறுவதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. பெற்றவருக்கு மகிழ்ச்சியைத் தவிர வேறு லாபமும் இல்லை.

சுட்டிக்கு விலை வந்த கதை

இந்த நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று கூகுளின் தேடல் முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் உருவாக்கிய பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்தை நோக்கி எத்தனை சுட்டிகள் வருகின்றன, அவை எத்தகைய பக்கங்களிலிருந்து வருகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பு கணிக்கப்படும். சுருங்கச் சொன்னால், ஒவ்வொரு சுட்டியும் ஒரு வாக்கு. வலைப்பதிவர்கள் அன்பினால் கொடுத்துவந்த சுட்டி, அவர்கள் அறியாமலே தேடல் முடிவில் ஒருவரை மேலே ஏற்றும் ஏணியாயிற்று.

மற்றொன்று விளம்பரம். கூகுள் 2003 பிப்ரவரியில் பைரா லேப்ஸை வாங்கியது. அவ்வாண்டு சூன் மாதம் ஆட்சென்ஸ் வந்தது. பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கணினியே படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைக் காட்டும். வாசகர் அதைச் சொடுக்கினால் எழுதியவருக்கும் பங்கு கிடைத்தது. இதற்கு முன்னரும் பதிவர்கள் பணம் ஈட்டியதுண்டு. அமேசான் நிறுவனம் 1996 முதலே தன் நூல்களுக்கு ஆள் அனுப்புபவர்களுக்குத் தரகு கொடுத்தது. ஆனால் விளம்பரதாரரைத் தேடி அலையாமல், ஒரு துண்டு நிரலை ஒட்டிவிட்டுக் காத்திருக்கலாம் என்ற நிலை ஆட்சென்ஸால்தான் ஏற்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சங்கிலி விளங்கும். சுட்டிகள் கூடினால் தேடலில் உயர்வு, உயர்ந்தால் வருகையாளர், வருகையாளர் கூடினால் விளம்பர வருமானம். ஆகவே சுட்டி என்பது பணம்.

அந்தப் பணம் யாருக்குப் போகும் என்பதற்கும் அப்போதே ஒரு விடை இருந்தது. 2003 பிப்ரவரியில் கிளே ஷெர்கி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் 433 வலைப்பதிவுகள் ஆராயப்பட்டன. முதல் 12 பதிவுகள் மட்டுமே மொத்தச் சுட்டிகளில் 20 விழுக்காட்டைப் பெற்றிருந்தன. முதல் 50 பதிவுகள் பாதியைப் பெற்றிருந்தன. யாரும் சதி செய்யவில்லை. புதிதாக வருபவர், ஏற்கெனவே பலர் காட்டும் பதிவையே தாமும் காட்டுகிறார் என்பதே காரணம். வலைப்பதிவால் வருமானம் பெறலாம் என்று சொன்ன பலர் இக்கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2002 நவம்பரில் டேவிட் சிஃப்ரி தொடங்கிய டெக்னோரட்டி, வலைப்பதிவுகளுக்கான தனித் தேடுபொறி. எந்தப் பதிவை எத்தனை பதிவுகள் சுட்டுகின்றன என்று எண்ணி, முதல் நூறு பதிவுகளின் பட்டியலை அது வெளியிட்டது. 2007 ஏப்ரலில் தான் 7 கோடிக்கு மேற்பட்ட வலைப்பதிவுகளைக் கண்காணிப்பதாக அது அறிவித்தது. எட்டாண்டுகளுக்கு முன் இருந்த 23 உடன் ஒப்பிட்டால் வளர்ச்சியின் வேகம் புரியும்.

கற்பிக்க வந்தவர்கள்

இந்தப் பெருங்கூட்டத்துக்கு வழிகாட்ட வந்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த டேரன் ரவுஸ். 2002 இல் எழுதத் தொடங்கிய இவர், டிஜிட்டல் கேமராக்களைப் பற்றிய பதிவின் மூலம் விளம்பர வருமானம் பெற்றார். அந்த அனுபவத்தைப் பகிர 2004 செப்டம்பரில் புரோபிளாகர் தளத்தைத் தொடங்கினார். பிரையன் கிளார்க்கின் காப்பிபிளாகர் 2006 சனவரியில் வந்தது. அது விளம்பர எழுத்தாளர் அறிந்த உத்திகளை, குறிப்பாகத் தலைப்பு வைக்கும் கலையை, பதிவர்களுக்குக் கற்பித்தது. பிரிஸ்பேனில் இருந்து யாரோ ஸ்டாரக் எழுதினார். பிறகு கட்டணப் பயிற்சியும் நடத்தினார்.

இத்தளங்கள் பழைய பரிந்துரை மரபை விட்டுவிடவில்லை. ரவுஸ் தம் தளத்தில் 'வேகச் சுட்டிகள்' என்ற பொருளில் ஒரு பகுதி வைத்து, தாம் படித்த பிறருடைய நல்ல பதிவுகளைக் காட்டினார். கூட்டு எழுத்துத் திட்டங்களையும் நடத்தினார். ஒரு தலைப்பைக் கொடுப்பார். விரும்பியவர்கள் தத்தம் பதிவில் எழுதுவார்கள். அத்தனைக்கும் அவர் சுட்டி கொடுப்பார். அறிமுகமில்லாத பலர் இப்படித்தான் முதல் வாசகர்களைப் பெற்றனர். ஒரு நல்ல ஆசிரியர் கரும்பலகை முன் மாணவனை அழைத்து நிறுத்துவது போன்ற செயல் இது.

ஆனால் இவ்வகைத் தளங்களில் தொடக்கம் முதலே ஒரு சிக்கல் இருந்தது. கற்பிப்பவர் எதிலிருந்து சம்பாதிக்கிறார்? ரவுஸின் நிலை தெளிவானது. 2006 இல் அவர் தொடங்கிய ஒளிப்படக் கலைத் தளமே புரோபிளாகரைவிட அதிக வருமானம் தருவது என்று அவரே எழுதியுள்ளார். வேறு சிலரின் நிலை அப்படியன்று. அவர்களுக்கு வலைப்பதிவைப் பற்றிய வலைப்பதிவு ஒன்றே தொழில். பணம் ஈட்டுவது எப்படி என்று அறியவந்த வாசகர், தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் நிறுவனத்தில் சேர்ந்தால், அறிமுகம் செய்தவருக்குத் தரகு கிடைக்கும். மாதந்தோறும் 'என் வருமான அறிக்கை' என்று வெளியிடுவதே அத்தகைய வாசகரை ஈர்க்கும் சிறந்த வழியாயிற்று. நீச்சல் தெரியாதவர், நீச்சல் கற்றுத்தரும் கட்டணத்திலேயே பிழைப்பதற்கு ஒப்பானது இது. கேட்பவருக்கு வேறுபாடு உடனே தெரிவதில்லை.

இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமித் அகர்வால். ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர். வேலையை விட்டு ஆக்ராவில் இருந்துகொண்டு 2004 முதல் எழுதினார். இந்தியாவின் முதல் முழுநேர வலைப்பதிவர் என்று ஊடகங்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. கணினியில் அன்றாடம் எழும் சிறு சிக்கல்களுக்குத் தீர்வு சொல்வதே அவர் எழுத்தின் பெரும்பகுதி. 2008 இல் ஹர்ஷ் அகர்வால் தொடங்கிய ஷவுட்மீலவுட் தளமோ நேரடியாக வலைப்பதிவைப் பற்றியும் வருமானத்தைப் பற்றியும் பேசியது. இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அன்று இந்தியாவில் இத்தொழிலுக்கு அதுவே மொழி.

பரிந்துரை விற்பனைக்கு வந்தது

சுட்டிக்கு விலை வந்ததும் போலிகள் வந்தன. மறுமொழிப் பெட்டிகளில் சூதாட்டத் தளங்களின் முகவரிகளைக் கொட்டினர். இதைத் தடுக்க 2005 சனவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து 'பின்தொடராதே' என்னும் பொருள்படும் குறியீட்டை அறிமுகம் செய்தன. அக்குறி இட்ட சுட்டி அப்போது வாக்காக எண்ணப்படவில்லை. குப்பையை ஒழிக்க வந்த இக்குறி, விரைவில் நல்ல மறுமொழியாளரின் சுட்டிக்கும் பொருந்தியது.

2006 சூன் இறுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பேபர்போஸ்ட் என்ற நிறுவனம் தொடங்கியது. ஒரு பொருளைப் பற்றி எழுதினால் பதிவருக்குச் சில டாலர்கள். பணம் வாங்கி எழுதியதை வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் முதலில் இல்லை; கடும் கண்டனத்துக்குப் பிறகே அவ்விதி சேர்ந்தது. 2007 இல் சுட்டியை விற்ற பல பதிவுகளின் மதிப்பெண்ணைக் கூகுள் குறைத்தது.

பணம் இல்லாமலும் ஏமாற்ற முடிந்தது. 2007 செப்டம்பரில் வந்த பிளாக்ரஷ், பதிவின் ஓரத்தில் ஒட்டும் ஒரு சிறு பெட்டி. பிறருடைய தலைப்புகளை நம் பக்கத்தில் காட்டினால், நம் தலைப்பு பிறர் பக்கத்தில் தோன்றும். நாம் சேர்த்துவிட்டவர்கள் காட்டுவதிலும் நமக்குப் பங்கு உண்டு. ஆள் சேர்க்கும் சங்கிலித் திட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எதைக் காட்டுகிறோம் என்று காட்டுபவருக்கே தெரியாத பரிந்துரை அது. வாசகர்கள் அதைச் சொடுக்கவில்லை; 2008 அக்டோபரில் மூடப்பட்டது. அதே காலத்தில் நீண்ட சுட்டிப் பட்டியல்களைப் படியெடுத்து, கடைசியில் தம் பெயரைச் சேர்த்து வெளியிடும் வழக்கமும் பரவியது. அறியப்படாத பதிவர்களுக்கு உதவும் நல்லெண்ணத்துடன் தொடங்கிய சிலவும், டெக்னோரட்டியின் எண்ணிக்கையை ஊதிக்காட்டும் கருவிகளாக முடிந்தன.

அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009 அக்டோபரில் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பாராட்டும் பதிவர், அத்தொடர்பை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்றது. அவ்வாண்டு திசம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இத்தகைய நெறிமுறையை இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021 இல்தான் வெளியிட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ 'சிறந்த பத்து' பட்டியல்களை இந்திய மாணவர்கள் நம்பிப் படித்திருப்பார்கள்.

தமிழில்

தமிழ் வலைப்பதிவுகள் 2003 முதல் எழுதப்பட்டன. எழுத்துரு வேறுபாடுகளால் ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் தெரியாத காலம் அது. ஒருங்குறியும் தட்டச்சுக்கு உதவிய எ-கலப்பை போன்ற இலவசச் செயலிகளும் இத்தடையை நீக்கின. ஆங்கிலத்தில் நடந்தது போலவே இங்கும் முதலில் வந்தது, தன்னார்வலர் கையால் தொகுத்த பட்டியல். பதிவுகள் கூடியதும் அது போதவில்லை. 2004 இல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். பதிவுகளின் ஓடைகளைக் கணினி தானே படித்து, புதிதாக எழுதப்பட்டவற்றை ஒரே பக்கத்தில் காட்டும். இதற்குத் திரட்டி என்று பெயர். பின்னர் தேன்கூடு, திரட்டி, தமிழ்வெளி, தமிழிஷ் (பின்னாளில் இன்ட்லி) முதலியனவும் வந்தன. இடுகை, மறுமொழி, ஓடை, சுட்டி போன்ற சொற்கள் இந்தத் திரட்டிகளைச் சுற்றியே புழக்கத்துக்கு வந்தன. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், கனடா என்று எங்கிருந்து எழுதினாலும் அவை ஒரே முகப்பில் அடுத்தடுத்துத் தெரிந்தன. அச்சு இதழ்களில் அன்று இது இயலாத ஒன்று.

தமிழ்மணம் வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக முன்னிறுத்தியது. வலைச்சரம் என்ற கூட்டுப் பதிவு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே வாரந்தோறும் ஒரு பதிவர் ஆசிரியர் பொறுப்பேற்பார். அந்த ஏழு நாளும் தாம் படித்த பிற பதிவர்களை அறிமுகம் செய்வார். தன் எழுத்தைப் பேசாமல் பிறர் எழுத்தைப் பேசவேண்டும் என்பதால், பொறுப்பேற்பவர் முதலில் நிறையப் படிக்க வேண்டியிருந்தது. தமிழில் நல்ல பதிவைக் கண்டறிந்து பகிர்வதற்கென்றே நடந்த முயற்சிகளில் இதைச் சிறந்தது எனலாம். ஆனந்த விகடனின் 'விகடன் வரவேற்பறை' பகுதியும் வலைப்பதிவுகளை அச்சு வாசகருக்குக் காட்டியது.

வலைப்பதிவு கற்பிக்கும் பதிவுகளும் எழுந்தன. 'ப்ளாக்கர் நண்பன்', 'வந்தேமாதரம்' போன்றவை வார்ப்புருவை மாற்றுவது, வாக்குப்பட்டையை இணைப்பது, தனிப்பெயர் வாங்குவது என்று படிப்படியாகத் தமிழில் விளக்கின. ஆங்கிலக் கையேடுகளைப் படிக்கத் தயங்கிய இல்லத்தரசிகளும், ஓய்வு பெற்றோரும், சிற்றூர் மாணவர்களும் இவற்றைத் துணைகொண்டே பதிவர்களானார்கள்.

ஆனால் இப்பதிவுகளால் வருமானத்துக்கு நேர்வழி காட்ட இயலவில்லை. ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. இந்தி 2014 திசம்பரில் சேர்ந்தது. தமிழ் 2018 பிப்ரவரியில்தான் சேர்ந்தது. ஆங்கிலப் பதிவர்களுக்கு இவ்வசதி வந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கிடையே 2009 இல் டெக்னோரட்டி ஆங்கிலம் அல்லாத பதிவுகளைப் பட்டியலிடுவதையும் நிறுத்திவிட்டது.

இந்த இழப்பில் ஒரு விந்தையான நன்மையும் இருந்தது. தமிழ்ப் பதிவர் இன்னொருவரைப் பாராட்டினால் அதில் தரகு இல்லை. வாசகர் அதை ஐயமின்றி நம்ப முடிந்தது. அதற்காகத் தமிழ்ப் பரிந்துரைகள் முற்றிலும் தூயவை என்றும் சொல்ல முடியாது. திரட்டிகளில் வாக்குப்பட்டை வந்ததும் வாக்குக்கு வாக்கு என்ற கணக்கு தொடங்கிற்று. 'த.ம. 1', 'த.ம. 5' என்று மறுமொழி இடுவார்கள். தமிழ்மணத்தில் எத்தனையாவது வாக்கைப் போட்டோம் என்பதற்கான ரசீது அது. கல்யாண வீட்டு மொய் போல அடுத்த முறை திருப்பிச் செய்யவேண்டும். இடுகையைப் படித்தாரா என்பது வேறு கேள்வி. பணமே இல்லாத இடத்திலும் புகழுக்காக இதே நோய் வந்தது என்பதைப் பார்க்கும்போது, கூகுளை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது.

நேர்வழி இல்லாத இடத்தில் குறுக்குவழி விளம்பரங்கள் புகுந்தன. விளம்பரங்களைச் சொடுக்கினால் காசு தருவதாகச் சொன்ன தளங்களைப் பற்றிய இடுகைகள் தமிழிலும் உலவின. பெரும்பாலும் அவற்றின் அடியில் எழுதியவரின் அறிமுகச் சுட்டி இருக்கும். வாசகர் சேர்ந்தால் அவருக்குப் பங்கு. வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று கூறி முன்பணம் கேட்டவர்களும் உண்டு. வேலை கொடுப்பவர் வேலைக்கு வருபவரிடம் பணம் கேட்பதில்லை என்ற எளிய உண்மையை எடுத்துச்சொல்லி எச்சரித்த தமிழ்த் தொழில்நுட்பப் பதிவர்களின் பணி பாராட்டுக்குரியது.

பிற்காலம்

2013 சூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டது. தாம் தேர்ந்த பதிவுகளின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் படிக்கப் பலர் பயன்படுத்திய கருவி அது. 2014 இல் டெக்னோரட்டியும் வலைப்பதிவுகளைப் பட்டியலிடுவதை நிறுத்தியது. எதைப் படிப்பது என்ற தேர்வு, முகநூலின் ஓட்டத்துக்கும் தேடுபொறியின் முதல் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழுக்கு ஆட்சென்ஸ் வந்த 2018 இல், பழைய பதிவர்களில் பெரும்பாலோர் முகநூலுக்குச் சென்றுவிட்டிருந்தனர். வருமான வழி கற்பிப்போர் யூடியூபில் பேசிக்கொண்டிருந்தனர்.

பழைய ஓரப்பட்டியல் மறைந்துவிடவில்லை. மின்னஞ்சல் மடல் எழுதுவோருக்கான சப்ஸ்டாக் சேவை 2022 ஏப்ரலில் ஒரு வசதியைச் சேர்த்தது. எழுதுபவர் தாம் விரும்பும் பிற எழுத்தாளர்களைப் பட்டியலிடலாம். புதிதாகச் சேரும் வாசகருக்கு அப்பட்டியல் காட்டப்படும். பிளாகரிலும் பிற பதிவுகளின் அண்மை இடுகைகளைத் தானே புதுப்பித்துக் காட்டும் வலைப்பதிவுப் பட்டியல் இருக்கிறது. தளவமைப்புப் பக்கத்தில் அதைச் சேர்த்து, முகவரிகளை ஒவ்வொன்றாகக் கையால் இடவேண்டும்.